பியானோவுக்குள் ஒரு மின்குமிழ்

ஆசிரியருக்கு,

மழை தொடங்கினால் உங்கள் வரி விளம்பரங்களில் 'பழைய பியானோ, சில கட்டைகள் இறுக்கம், விலை பேசலாம்' என்று ஒன்றாவது வந்துவிடுகிறது. விற்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அநேகமாக அது வயதுக் கோளாறு இல்லை, கொழும்புக் காற்றின் ஈரம்.

வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. போன மழைக்கு ஏழெட்டுக் கட்டைகள் அமத்தினால் எழும்பவில்லை, மகளுக்கோ சோதனை கிட்டிவிட்டது, நானும் தையல் மெஷின் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போனேன். அதுதான் பிழை. கட்டையை அமத்தும்போது கம்பியில் தட்டும் சுத்தியல் ஆடும் கீலில் 1.3 மில்லிமீட்டர் அளவில் ஒரு மெல்லிய ஊசி, அதைச் சுற்றிக் கம்பளித் துணி. துணி ஈரத்தைக் குடித்து ஊதினால் ஊசியை இறுக்கிப் பிடித்துவிடும். எண்ணெய் விட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடும், அப்புறம் தூசியோடு சேர்ந்து பசைதான். இப்படியான கீல்கள் உள்ளே முந்நூறுக்கு மேல்.

திருத்த வந்தவர் சுத்தியலை விரலால் தூக்கி விட்டுக் காட்டினார். சட்டென்று திரும்பினால் குற்றம் கட்டையில், சோம்பலாக வந்தால் கீலில். எண்ணெய் குடித்த துணிகளைக் கழற்றிப் புதிது ஒட்டி, துளையைச் சீவி, ஊசி மாற்றினார். இன்னும் லூசாக விடுங்களேன் என்றேன். லூசானால் சுத்தியல் பக்கவாட்டில் ஆடி டக் டக் என்று தட்டுமாம்.

அப்பா காலத்தில் பியானோவின் அடிப்பெட்டிக்குள் ஒரு மின்குமிழ் எரிந்துகொண்டே இருக்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்து அதை எல்இடியாக மாற்றியவள் நான். அது எரிந்தது வெளிச்சத்துக்கா? உள்காற்று சூடானால் ஈரப்பதன் இறங்கும், அதற்காக. 50 வீதத்துக்குக் கிட்ட இருந்தால் பியானோவுக்குச் சுகம், இங்கே சாதாரண நாளிலேயே 75ஐத் தாண்டும். இப்போது குமிழுக்குப் பதில் 25 வாட் சூடாக்கும் கம்பி ஒன்று இரவு பகலாக வேலை செய்கிறது (குமிழ் மரத்தில் பட்டால் ஆபத்து). விருந்தாளி வந்தால் மட்டும் ஏசி போடும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம், மரமும் துணியும் சுருங்கிச் சுருங்கி ஊதும்.

ஆகவே விலையைக் குறைக்க முதல் சில கிழமை உள்ளே சூடு கொடுத்துப் பாருங்கள். வாங்குகிறவர்கள் நல்ல மழை நாளாகப் பார்த்துப் போங்கள்.

ஒரு வாசகி,
வெள்ளவத்தை