பாக்ஸரை முட்டாள் என்று சொன்ன அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வஞ்சிரம் வறுவல் தட்டுக்கு வருவதற்குள் நீ காலேஜ் கதையை ஆரம்பித்துவிட்டாய். ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘விலங்குப் பண்ணை’ நாவல் பாடமாக வந்திருக்கிறது என்றாய். மனிதனைத் துரத்திவிட்டுப் பண்ணையை ஆளவந்த பன்றிகளைப் பற்றிச் சொன்னாய், நாய்களைப் பற்றிச் சொன்னாய். குதிரைக்கு வந்ததும், “பாக்ஸர் சரியான முட்டாள் மாமா, நாலு எழுத்துக்கு மேல மண்டையில ஏறல” என்றாய். எல்லாரும் சிரித்தோம். தாத்தா மட்டும், “எந்தக் குதிரைம்மா? என்னா பண்ணுச்சு?” என்று கேட்டார். எல்லாரையும்விட அதிகமா உழைச்சுது, தலைவர் சொன்னதையெல்லாம் நம்புச்சு, கடைசியில அடிமாட்டு வண்டியில ஏத்திட்டாங்க என்று நீ சொன்னாய். அவர் பதில் பேசவில்லை. பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்துவிட்டார்.

அன்றைக்கே உன்னிடம் பேசியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

நம்ம பக்கம் பாக்ஸர் என்றால் அது மரியாதைப் பெயர். ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் கையுறை மாட்டி நின்ற பெரியவர்களை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். புத்தகத்தில் வரும் பாக்ஸரும் உருவத்தில் சளைத்ததில்லை. தோள் உயரமே ஏறக்குறைய 6 அடி, இரண்டு குதிரையின் பலம். ஏ, பி, சி, டி என்று நாலு எழுத்தோடு அதன் படிப்பு நின்றுவிடும், வாஸ்தவம். ஆனால் ஏழாவது அத்தியாயத்தை நீ மறுபடி படிக்கணும். நோட்ஸை மூடிவிட்டுப் புத்தகத்தைப் படி. துரத்தப்பட்ட பன்றி ஸ்னோபால் ஆதியிலிருந்தே துரோகி என்று, தலைவர் பன்றி நெப்போலியனுக்காகப் பேசும் ஸ்க்வீலர் அளந்துகொண்டிருக்கும்போது, நான் நம்ப மாட்டேன், மனிதர்களோடு நடந்த மாட்டுக்கொட்டகைச் சண்டையில் அவன் நம்மோடு நின்றவன் என்று வாய் திறந்து சொன்னது யார்? பாக்ஸர்தான். கண்ணால் பார்த்ததைச் சபையில் சொன்ன ஒருத்தரை எப்படி முட்டாள் என்பது? நெப்போலியன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார் என்று ஸ்க்வீலர் சொன்னதும், அப்படியானால் சரி என்று தன் கண்ணையே விட்டுக்கொடுத்தது. அது விழுந்த இடம் அங்கேதான்.

நாலு நாளில் அதற்குக் கூலி வந்தது. கூட்டத்தில் நெப்போலியனின் நாய்கள் அதன் மேல் பாய்ந்தன. பாக்ஸர் ஒரு நாயை அந்தரத்திலேயே குளம்பால் மடக்கித் தரையோடு அழுத்தியது. ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் முடிந்தது. ஆனால் அது நெப்போலியனின் முகத்தைப் பார்த்தது. நசுக்கவா, விடவா? விடு என்றதும் காலைத் தூக்கிக்கொண்டது. நான் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் எத்தனையோ முறை புத்தகத்தை மூடியிருக்கிறேன்.

ஆர்வெல் 1903-ல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். 1947-ல் உக்ரைனியப் பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரையில், இந்தக் கதை தோன்றிய விதத்தைச் சொல்கிறார். ஒடுக்கமான பாதையில் பத்து வயது இருக்கும் ஒரு சிறுவன் பெரிய வண்டிக் குதிரையை ஓட்டிப் போகிறான். அது திரும்ப முயலும்போதெல்லாம் சாட்டையடி. தன் பலம் இன்னதென்று அந்த மிருகத்துக்குத் தெரிந்துவிட்டால் நம்மால் அதை என்ன செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நாவல் முழுக்க அந்தக் குதிரைதான் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாக்ஸர் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் வாக்கியம் இரண்டு. இன்னும் அதிகமாக உழைப்பேன் என்பது அதன் சொந்த வாக்கியம். மற்றவர்களுக்கு அரைமணி முன்னால் தன்னை எழுப்பிவிடும்படி சேவலிடம் சொல்லிவைத்திருந்தது. நெப்போலியன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது, ஸ்னோபாலைத் துரத்திய பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டித்தான் நீ முட்டாள் என்றாய். 1918 ஏப்ரலில் இங்கே பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. முன்னால் நின்றார். உள்ளே வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்கும்? பக்கத்து மெஷின்காரனுக்காகத் தன் கூலியை விட்டுவிட்டு வெளியே வரத் தெரிந்திருந்தது. அந்த விசுவாசத்தின் மேல்தான் இந்தத் தெருக்களே நிற்கின்றன.

உன் தாத்தா, என் நைனா, வேலை பார்த்தது வேறு கம்பெனி. பேர் வேண்டாம். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. காலைச் சங்கு ஊதுவதற்கு அரைமணி முன்னால் மெஷினுக்கு எண்ணெய் போட்டுவைக்கணும் என்று, பேப்பர் போடும் பையனிடம் கதவைத் தட்டச் சொல்லியிருந்தார். எனக்குச் சேவல் கதை படிக்கும்போது அந்தத் தட்டல்தான் காதில் விழும். கம்பெனி மூடப்போகிறது என்ற வருஷம், விருப்ப ஓய்வு என்று இங்கிலீஷில் 3 பக்கத் தாள் கொடுத்தார்கள். மேலே இருப்பவர்கள் பார்த்துவிட்டார்கள், கையெழுத்துப் போடு என்று சொல்லியிருக்கிறார்கள். நைனா என்னிடம் நீட்டினார். “படிச்சுச் சொல்லுடா.” நான் அப்போது காலேஜ் இரண்டாவது வருஷம்.

படித்தேன். நாலு மாதச் சம்பளப் பாக்கி உட்பட இனி எதையும் கேட்க மாட்டேன் என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. எனக்குப் புரிந்தது. சொன்னால் வீட்டில் சண்டை வரும், நைனா நாளைக்கு கேட்டில் தனியாக நிற்பார் என்று பயம். “எல்லாம் சரியாத்தான் இருக்குது நைனா” என்றேன். பேனாவை வாங்கி, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தன் பேரைப் போட்டார்.

பெஞ்சமின் கழுதையை உனக்கு நினைவிருக்கும். பன்றிகள் அளவுக்கே படிக்கத் தெரியும், ஆனால் படித்துச் சொல்லாது. பாக்ஸரை ஏற்றிய வண்டி கிளம்பும்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக ஓடிவந்து, பக்கவாட்டில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டியது. குதிரை அறுப்பவர், பசை காய்ச்சுபவர். உள்ளேயிருந்து குளம்பு உதைக்கும் சத்தம் கேட்டது, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பாக்ஸருக்கு ஓய்வு வயது 12 என்று பேசிவைத்திருந்தார்கள். நாளுக்கு 5 பவுண்டு தானியம், விசேஷ நாளில் ஒரு கேரட். மிச்ச 22 எழுத்தையும் அந்த ஓய்வில் படிக்கப்போவதாக அது சொல்லிக்கொண்டிருந்தது, பாப்பா. எனக்குக் கோபம் நாலெழுத்துக் குதிரையின் மேல் இல்லை.

அந்தத் தாளின் நகல் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், மஞ்சள் பைக்குள் இருக்கிறது. வருகிற ஞாயிறு சாப்பாட்டுக்கு முன்னால் அதை எடுத்து, அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை முதலில் சொல்லிவிட்டு, வரிக்கு வரி தமிழில் நைனாவுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். நீ என் பக்கத்தில் உட்காரு. இரண்டாம் பக்கத்தில் எதையாவது நான் விழுங்கினால் நிறுத்து. பெட்டிச் சாவி பாட்டியிடம் இருக்கிறது, முன்னாடியே கேட்டு வாங்கி வை.

அன்புடன்,
மாமா