அந்த நான்கு நொடிகளை வெட்டாதே

மதுரை

அன்பு மகள் கயலுக்கு,

உன் அனிமேஷன் படத்துக்காக நீ அனுப்பிய அனிமேட்டிக்கை, அதாவது முன்வரைவுகளை வரிசையாகக் கோத்த மாதிரிப் படத்தை, நேற்றிரவு அப்பாவும் நானும் ஐந்து முறை பார்த்தோம். வண்ணம் ஏறாத பென்சில் கோடுகள்தான் என்றாலும், பேருந்தில் முந்தானையைப் பற்றிக்கொண்டு நிற்கும் அந்தச் சிறுமி யாரென்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடத்துனர் குனிந்து உன்னிடம்தான் கேட்கிறார். 'தல்லாகுளம்' என்பதன் முதல் எழுத்திலேயே உன் நாக்கு பல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. அதற்குள் நான் "தல்லாகுளம் ரெண்டு" என்று சில்லறையை நீட்டிவிடுகிறேன். உன்னைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றியதாகவே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். வகுப்பில் உன்னை எழுப்பிக் கேள்வியே கேட்காமல் விட்ட ஆசிரியை மீது அப்போது எனக்கு எவ்வளவு கோபம்! ஆனால் அவர் வகுப்பறையில் செய்ததைத்தான் நான் பேருந்திலும் கடையிலும் கல்யாண வீட்டிலும் செய்திருக்கிறேன். திக்கிப் பேசும் பிள்ளைக்குச் சொல் தெரியாமல் இல்லை, அது வெளியே வர நேரம்தான் வேண்டும் என்று பேச்சுப் பயிற்சியாளர் முதல் நாளே சொல்லியிருந்தார், கண்ணு.

நீ பார்க்கச் சொன்ன 'தி பிரசென்ட்' அனிமேஷன் குறும்படத்தையும் பார்த்தேன். ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கில் படித்த மாணவர்கள் 2014இல் முடித்த நான்கு நிமிடப் படம் இவ்வளவு செய்யுமா என்று வியப்பாக இருந்தது. மூன்று கால் நாய்க்குட்டியை அந்தப் பையன் தூக்கி எறிந்தபோது அவன் மேல் ஆத்திரம் வந்தது. கடைசியில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அவன் எழும்போதுதான் அவனுக்கும் ஒரு கால் இல்லை என்பது தெரிகிறது. நான் திரும்பப் போட்டுப் பார்த்தது அந்தத் தாய்க்காக. நாய்க்குட்டி இருக்கும் பெட்டியை அவன் முன் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டே போய்விடுகிறாள். புத்தி சொல்லவில்லை, அவனுக்காக எதையும் செய்து முடிக்கவில்லை. எனக்குக் கைவராமல் போனது அதுதான்.

உன் படத்தின் முடிவில் வரும் இரண்டாவது பயணம் நம் வாழ்வில் நடக்கவேயில்லை. அதே நடத்துனர், அதே கேள்வி. அந்தத் தாயின் வாய் திறந்து, பின் மூடிக்கொள்கிறது, சிறுமி தானே ஊர் பெயரைச் சொல்லி முடிக்கிறாள். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் அந்த நான்கு நொடி இழுக்கிறது, பாதியாகக் குறைக்கலாம் என்று உன் வகுப்பில் சிலர் சொல்வதாக எழுதியிருந்தாய். குறைக்காதே. நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்), வரைந்த ஒரே படத்தை அடுத்தடுத்த இரண்டு சட்டகத்துக்கு வைத்தாலும் அந்த நான்கு நொடிக்கு 48 படங்கள் வரைய வேண்டும் என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். உன் மணிக்கட்டு வலியும் எனக்குத் தெரியும். இருந்தாலும், அந்த நேரம் முழுவதையும் பார்ப்பவர்கள் அவளோடு காத்திருக்கட்டும்.

முதல் பயணத்துக்காக நீ கேட்ட வசனத்தைக் கைபேசியில் பதிந்து அனுப்பியிருக்கிறேன். "தல்லாகுளம் ரெண்டு" என்று மூன்று முறை சொல்லியிருக்கிறேன். இரண்டாவதை எடுத்துக்கொள், அன்று நான் முந்திக்கொண்ட வேகம் அதுதான்.

அன்புடன்,
அம்மா