டொமைன் இல்லாத கணினிகளுக்கும் சேர்த்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையகக் கணினிப் பிரிவினருக்கு,

வணக்கம். விண்டோஸ் பாதுகாப்புக் கொள்கைகளைப் பொருத்தும் ஸ்கிரிப்டை (கட்டளைக் கோப்பை) எளிமைப்படுத்தித் தாருங்கள் என்று இரண்டு முறை மின்னஞ்சலில் கேட்டிருந்தேன். போன திங்கட்கிழமை செய்முறைத் தேர்வில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தின் 40 கணினிகளும் வொர்க்குரூப்பில் இருப்பவை. அதாவது, பயனர் கணக்குகளை ஒரு மைய சர்வர் நிர்வகிக்கும் டொமைனில் சேராதவை. விடைக் கோப்புகளை மாணவர்கள் ஆசிரியர் கணினியின் பகிர்வு ஃபோல்டரில்தான் போடுவார்கள். அன்று ஒருவராலும் அதைத் திறக்க முடியவில்லை. பாஸ்வேர்டு சரி, ஆனால் இந்தக் கணினியில் இவ்வகையில் நுழைய அனுமதியில்லை என்றே வந்தது. ஒரு மாணவி நான்காம் முறையும் எழுத்து எழுத்தாக அடித்துப் பார்த்துவிட்டு, "சார், நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

அவள் தப்பு எதுவும் இல்லை. டொமைன் கணினிகளுக்கான கொள்கைத் தொகுப்பு, லோக்கல் அக்கவுண்ட்களை (அந்தந்தக் கணினியிலேயே உருவாக்கிய பயனர் கணக்குகளை) நெட்வொர்க் வழியே உள்ளே விடாது. டொமைனில் அது அவசியமான தடுப்பு. திருடிய ஒரு லோக்கல் அக்கவுண்ட் பாஸ்வேர்டை வைத்துக் கணினிக்குக் கணினி தாவ முடியாது. வொர்க்குரூப்பில் இருப்பதெல்லாம் லோக்கல் அக்கவுண்ட்தானே? முந்தைய நாள் மாலை ஸ்கிரிப்டை ஓட்டியபோது, டொமைனா வொர்க்குரூப்பா என்று அதற்குச் சொல்லும் ஸ்விட்சை எங்கள் உதவியாளர் மாற்றிக் கொடுத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். கணினி டொமைனில் இருக்கிறதா என்பதை விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் ஒரே வரியில் சொல்லிவிடும். அதை ஏன் மனிதரிடம் கேட்கிறீர்கள்?

பழைய அமைப்பும் எங்கும் சேமிக்கப்படவில்லை. செக்பால் என்ற விண்டோஸ் பாதுகாப்பு அமைப்புத் திரையைத் திறந்து, பயனர் உரிமைகளில் ஒவ்வொரு வரியாகத் தேடி நீக்கினேன். தேர்வு 50 நிமிடம் தாமதம். கொள்கைகளைக் கணினியில் பதிக்கும் எல்ஜிபிஓ கருவியைத் தனியே இறக்கி டூல்ஸ் ஃபோல்டரில் வைக்கவேண்டும் என்பதைக்கூட, ஸ்கிரிப்ட் பாதியில் நின்ற பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

சுற்றறிக்கை வருகிறது, கெடு வருகிறது. கிளையில் என்ன இருக்கிறது என்று கேட்டு ஒரு போன் வருவதில்லை. பாதுகாப்பு வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஸ்கிரிப்டை எளிமையாக்குங்கள். டொமைனா வொர்க்குரூப்பா என்பதை அதுவே கண்டறியட்டும். மாற்றுவதற்கு முன் இருப்பதைச் சேமிக்கட்டும். திரும்பப் பெற ஒரு கட்டளை இருக்கட்டும். சனிக்கிழமைகளில் ஆய்வகம் காலியாகத்தான் இருக்கும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை இங்கே வந்து ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கிளை ஆய்வகப் பொறுப்பாளர்