அளந்த பிறகு மேடை ஏற்றுங்கள்: எரிசக்திக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் எரிசக்திக்கான குழுக்களில் அமர்ந்து, எந்தப் புதிய தொழில்நுட்பத்துக்குப் பொதுப்பணம் போகலாம், எதற்கு மின்கட்டமைப்பில் இணையும் உரிமை தரலாம் என்று பரிந்துரைக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். மின் அளவீட்டுக் கூடமொன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். எந்தக் கருவியையும் விற்பதற்காகவோ எதிர்ப்பதற்காகவோ இதை எழுதவில்லை. வழக்கத்துக்கு மாறான ஓர் எரிசக்திக் கருவி உங்கள் மேசைக்கு வரும்போது, அதை அளந்து பார்க்கும் வேலை எந்தக் கட்டத்தில், யார் கையால் நடக்க வேண்டும் என்ற ஒரே கேள்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் கூடத்துக்கு ஒருமுறை ஒருவர் சூட்கேஸ் அளவுள்ள பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். உள்ளே போகும் மின்சாரத்தைப் போல மூன்று மடங்கு வெளியே வருகிறது என்றார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. வீட்டை அடகு வைத்து அந்தப் பெட்டியைச் செய்திருந்தார். பெட்டியிலிருந்து மின்சாரம் சீராக வராமல் விட்டுவிட்டுத் துடிப்பாக வந்தது. ஆசிலோஸ்கோப் திரையில் அந்தத் துடிப்பின் உச்சியில் தெரிந்த மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி, அது இடைவிடாமல் வருவதாக வைத்துக்கொண்டு, 300 வாட் என்று கணக்கிட்டிருந்தார். நாங்கள் அவரோடு வாதாடவில்லை. வெப்பம் கசியாத கலனில் 5 லிட்டர் தண்ணீரை ஊற்றி, பெட்டியின் வெளிமுனையில் இணைத்த மின்தடையை அதில் மூழ்க வைத்து, உள்ளே 100 வாட் போகும்படி 20 நிமிடம் ஓட்டினோம். அவர் கணக்கு சரியென்றால் தண்ணீர் 17 டிகிரி சூடேறியிருக்க வேண்டும். பெட்டியே இல்லாமல் அந்த மின்தடைக்கு அதே 100 வாட்டை நேராகக் கொடுத்திருந்தால்கூட ஏறக்குறைய 6 டிகிரி ஏறியிருக்கும். ஏறியது 4. வெப்பமானியை மாற்றிப் பார்க்கச் சொன்னார், மாற்றினோம். அதுவும் 4 என்றே காட்டியது.

என்னை உறுத்தியது அந்த 4 டிகிரி அல்ல. அவர் கொண்டுவந்த கோப்பின் முதல் பக்கத்தில், பெட்டியின் மேல் கைவைத்தபடி ஒரு பிரமுகர் சிரித்துக்கொண்டிருக்கும் புகைப்படம் இருந்தது. அதைப் பார்த்துப் பணம் போட்டவர்கள் இருந்தார்கள். 20 நிமிடமும் 5 லிட்டர் தண்ணீரும் போதுமாக இருந்த ஒரு சோதனை, அந்தப் புகைப்படத்துக்கு முன்னால் நடக்காமல் பின்னால் நடந்தது என்பதே இந்த மடலின் காரணம்.

இந்த வரிசைப் பிசகு புதிதல்ல. பெரிய அரசுகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. முதல் உலகப் போர்க் காலத்தில் கராபெட் கிராகோசியன் என்பவர் எல்லையற்ற ஆற்றல் தரும் எந்திரம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றத்தை அணுகினார். அதற்கென்று இரு அவைகளும் ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற, 1918இல் அதிபர் வில்சன் கையெழுத்திட்டார். பிறகுதான் அறிவியலாளர் குழு அந்த எந்திரத்தைப் பார்த்தது. அது ஒரு கனத்த ஃபிளைவீல். சிறு மோட்டார் அதை மெல்ல மெல்லச் சுழற்றி ஆற்றலைச் சேர்த்துவைக்கும். பிரேக் போட்டு நிறுத்தும்போது சேர்ந்ததெல்லாம் சில நொடிகளில் பெரும் விசையோடு வெளிப்படும். நாள்முழுதும் சொட்டுச் சொட்டாக நிரம்பிய தொட்டியை ஒரே வீச்சில் கவிழ்த்துவிட்டு அருவி என்று பெயர் வைப்பது போன்றது அது. இதைக் கண்டுபிடிக்கச் சட்டம் இயற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை.

1951 மார்ச்சில் அர்ஜென்டினா அதிபர் பெரோன், ரொனால்ட் ரிக்டர் என்ற விஞ்ஞானி உவெமுல் தீவு ஆய்வகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கரு இணைவை, அதாவது சிறு அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து ஆற்றல் பெறுவதை, சாதித்துவிட்டதாக உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டு ஆய்வுக் குழுவில் சென்ற இயற்பியலாளர் பல்சேய்ரோ, இணைவு நடந்தால் கதிர்வீச்சு தெரிய வேண்டும் என்பதால் தம்முடன் கதிர்வீச்சு மானிகளையும் எடுத்துப் போனார். ரிக்டரின் கருவிகள் பரபரத்தபோதும் பல்சேய்ரோவின் மானிகள் அசையவில்லை. திட்டம் மூடப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொய்த்துப்போன அந்த அறிவிப்பைப் படித்த லைமன் ஸ்பிட்சர் என்ற அமெரிக்க வானியற்பியலாளர், அப்படியானால் இதை உண்மையிலேயே எப்படிச் செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கியதில் பிறந்ததுதான் ஸ்டெல்லரேட்டர் என்ற இணைவு ஆய்வு எந்திரம். தவறான கூற்றிலிருந்தும் நல்ல ஆய்வு முளைக்கலாம். ஆனால் அது அதிபர் மாளிகையின் அறிவிப்புக்கு வக்காலத்து ஆகாது.

இரகசியம் சேர்ந்தால் இந்தப் பிசகு இன்னும் முற்றும். 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் அரசு எண்ணெய் நிறுவனமான எல்ஃப், விமானத்திலிருந்தே நிலத்தடி எண்ணெயை மோப்பம் பிடிக்கும் என்று சொல்லப்பட்ட கருவியில் கோடிக்கணக்கான பிராங்குகளைக் கொட்டியது. நாட்டின் நலன் கருதிய இரகசியம் என்ற பெயரில், கேள்வி கேட்கக்கூடிய பொறியாளர்கள் விலக்கி வைக்கப்பட்டார்கள். 1979இல் அணு இயற்பியலாளர் ழூல் ஓரோவிட்ஸ், சுவருக்குப் பின்னால் இருக்கும் ஓர் அளவுகோலைத் திரையில் காட்டச் சொன்னார். வைப்பதற்கு முன் யாருக்கும் தெரியாமல் அதை வளைத்துவிட்டார். திரையில் தோன்றிய அளவுகோல் நேராக இருந்தது. உண்மை தெரிந்த பிறகும் நான்கு ஆண்டுகள் விஷயம் மூடிவைக்கப்பட்டது. 1983இல் பத்திரிகையில் வெளிவந்தபோது ஏமாந்ததைவிட மறைத்ததே பெரிய அவமானமாயிற்று. இரகசியம் தேவை என்று ஒரு கண்டுபிடிப்பாளர் உங்களிடம் கேட்கும்போது, அந்த வளைந்த அளவுகோலை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, விநோதமான கூற்றுகளை வாசலிலேயே விரட்டிவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். கேலி செய்வதும் அளவீடு ஆகாது. 1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மனும் பான்ஸும் பத்திரிகையாளர் கூட்டம் கூட்டி, மேசைமேல் வைக்கும் கண்ணாடிக் கலனில் அணுக்கரு இணைவு நிகழ்ந்ததாக அறிவித்தார்கள். குளிர் இணைவு என்று அதற்குப் பெயர் வந்தது. மாநில சட்டமன்றம் சில வாரங்களுக்குள் 50 இலட்சம் டாலர் ஒதுக்கியது. நவம்பருக்குள் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு, நம்பத்தக்க சான்று இல்லை என்று அறிக்கை தந்தது. அத்தோடு ஊசல் மறுகோடிக்குப் போயிற்று: அந்தப் பெயரைச் சொல்வதே ஓர் ஆய்வாளரின் பிழைப்பைக் கெடுக்கும் என்ற நிலை வந்தது. கூகுள் நிதியில் பல ஆய்வகங்கள் சேர்ந்து நிதானமாகச் செய்த மறுஆய்வு 2019இல்தான் வெளியாயிற்று. குளிர் இணைவுக்கு அவர்களுக்கும் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் அளவீட்டு முறைகளில் பயனுள்ள முன்னேற்றம் கிடைத்தது. 2023இல் அமெரிக்க அரசின் ஆய்வு முகமையொன்று இதே துறையில் எட்டுத் திட்டங்களுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டாலர் ஒதுக்கி, ஆம் அல்லது இல்லை என்று தெளிவாகச் சொல்லும் சோதனையை வடிவமைக்கக் கேட்டது. அவசரக் கொண்டாட்டமும் அவசர ஏளனமும் நடுவில் முப்பது ஆண்டுகளைத் தின்றுவிட்டன.

சரியாக நடந்ததற்கும் சான்றுகள் உண்டு. 1968இல் சோவியத் விஞ்ஞானிகள் தங்கள் டி-3 டோகாமாக் என்ற, காந்தப் புலத்தால் இணைவு ஆய்வு செய்யும் எந்திரத்தில் எட்டியதாகச் சொன்ன வெப்பநிலையை மேற்கு நாடுகள் நம்பவில்லை. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். அப்படியிருந்தும் 1969இல் பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்திலிருந்து ஒரு குழு தன் சொந்த லேசர் கருவியோடு மாஸ்கோவுக்குப் போய், சோவியத் எந்திரத்தின் வெப்பநிலையைத் தானே அளந்தது. சொன்னது உண்மை என்று ஆயிற்று. உலகின் இணைவு ஆய்வகங்கள் டோகாமாக் பக்கம் திரும்பின. நம்பாதவர் கையில் அளவுமானியைக் கொடுத்து, அவர் சொல்வதை ஏற்பது என்ற இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த ஒன்றை நான் அறியேன்.

ஆனால் உங்களைப் போன்ற குழுவினருக்கு இன்னும் நெருக்கமான பாடம் டென்மார்க்கின் காற்றாலைகளில் இருக்கிறது. 1970களில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அங்கே காற்றாலை செய்யத் தொடங்கியவர்களில் தச்சரும் கொல்லரும் இருந்தார்கள். கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சர் செய்து விற்ற 22 கிலோவாட் காற்றாலை அந்தக் காலத்துப் பெரிய மின் நிறுவனங்களின் கண்ணுக்கு விளையாட்டுச் சாமானாகத் தெரிந்திருக்கக்கூடும். அரசு அவர்களை மேடையேற்றவும் இல்லை, விரட்டவும் இல்லை. 1978இல் ரிசோ ஆய்வகத்தில் ஒரு சோதனை நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டு, காற்றாலை வாங்குவோருக்கு விலையில் 30 விழுக்காடு மானியம் அறிவித்தபோது, அந்த நிலையம் ஒப்புதல் தந்த வடிவமைப்புகளுக்கே மானியம் என்று நிபந்தனை வைத்தது. புயலில் இறக்கைகள் கட்டுமீறிச் சுழன்று உடையாமல் இருக்கத் தற்காப்பு பிரேக் இல்லாத காற்றாலைக்கு ஒப்புதல் இல்லை. சோதித்த பொறியாளர்கள் எங்கே பிழை என்பதைச் செய்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கொல்லர் பட்டறைக்குத் திரும்பிப் போய் அதைத் திருத்தினார். உலகச் சந்தையில் டென்மார்க் காற்றாலைகள் பெற்ற இடத்துக்கு, சோதனை நிலையத்துக்கும் பட்டறைக்கும் இடையிலான இந்தப் போக்குவரத்து முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. அதே காலத்தில் ஜெர்மனி, 100 மீட்டர் விட்டமுள்ள குரோவியன் என்ற 3 மெகாவாட் காற்றாலையை அரசு நிதியில் ஒரே தாவலாகக் கட்டியது. 1983இல் தொடங்கிய அது பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்து, சில ஆண்டுகளில் பிரிக்கப்பட்டது.

அளவீட்டில் தேறிய பிறகும் கதவு திறந்துவிடாது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். ஏற்கெனவே களத்தில் இருக்கும் மின் நிறுவனம், இணைப்புக்கான ஆய்வு, காப்பீடு, காத்திருப்புப் பட்டியல் என்று ஒவ்வொன்றாக முன்வைத்து, மறுப்பு என்ற சொல்லையே பயன்படுத்தாமல் மறுத்துவிட முடியும். அமெரிக்காவில் 1978இல் வந்த சட்டம், சிறு உற்பத்தியாளர்களின் மின்சாரத்தை நிறுவனங்கள் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல்தான் சட்டம் நிலைத்தது. தொழில்நுட்பம் தயாராக இருந்தும் வழக்கு மன்றத்தில் நின்ற காலம் அது. இந்தக் கதவைத் திறக்க வேண்டியவர்கள் பொறியாளர்கள் அல்ல, நீங்கள்.

சொற்களிலும் ஒரு எச்சரிக்கை தேவை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம், 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலைப் பெற்றது. மகத்தான சாதனை, முறையாக அளக்கப்பட்டது. ஆனால் அந்த லேசரை இயக்க மின்கட்டமைப்பிலிருந்து இழுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல். ஆய்வகம் இதை மறைக்கவில்லை. இருந்தும் செய்தித் தலைப்புகளில் 'செலவழித்ததைவிட அதிகம்' என்ற தொடரே மிஞ்சியது. எல்லைக்கோட்டை எங்கே வரைந்து கணக்கிட்டார்கள் என்று கேட்காமல் எந்த விகிதத்தையும் உங்கள் அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். அரசியல் அழுத்தத்துக்கு உட்படாத தனி நிதியோடு, யார் வந்து கேட்டாலும் எளிய கட்டணத்தில் சோதித்துத் தரும் நிரந்தர அளவீட்டு நிலையம் ஒன்றைப் பரிந்துரையுங்கள். அதன் முடிவுகள், தோல்வி உட்பட, முழுவதும் வெளியாக வேண்டும். தொழில் இரகசியம் போய்விடும் என்ற வாதம் இங்கே செல்லாது: உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளக்கப் பெட்டியைத் திறக்க வேண்டியதே இல்லை. உள்ளே மின்கலம் ஒளிந்திருக்குமோ என்ற ஐயத்துக்கும் வழி உண்டு. அதே எடையுள்ள மிகச் சிறந்த மின்கலமோ எரிபொருளோ எவ்வளவு ஆற்றலைச் சேமிக்குமோ, அதைப் போலப் பல மடங்கு வெளிவரும்வரை நாள்கணக்கில் ஓட்டினால் போதும். நிலையத்தின் அறிக்கை வராத எந்தக் கருவிக்கும் மானியமோ, தொடக்க விழாவோ, உறுப்பினர்களோடு புகைப்படமோ இல்லை என்று உங்களுக்கே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் தேறியவற்றுக்கு, குறித்த நாளுக்குள் சிறு அளவிலாவது மின்கட்டமைப்பு இணைப்பு தரவேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுதுங்கள். காலம் தாழ்த்தும் நிறுவனம் காரணத்தை எழுத்தில் தரட்டும்.

இப்படித் தேறியவற்றிலும் சில சந்தையில் தோற்கும். அமெரிக்க எரிசக்தித் துறை 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தந்த சோலிண்ட்ரா என்ற சூரிய மின்தகடு நிறுவனம் 2011இல் திவாலானது. அதே துறை 46.5 கோடி டாலர் கடன் தந்த டெஸ்லா 2013இல் முழுத் தொகையையும் திருப்பியது. சோலிண்ட்ராவின் தகடுகள் மின்சாரம் தந்தன. போட்டியாளர்களின் தகடுகளுக்கு வேண்டிய சிலிக்கான் விலை சரிந்ததால் போட்டியில் நிற்க முடியாமல் போயின. அந்தத் தோல்விக்காக உங்களைக் கூண்டில் நிறுத்துவோர் இருப்பார்கள். அப்போது கையில் அளவீட்டு அறிக்கை இருப்பதும், வெறும் புகைப்படம் இருப்பதும் ஒன்றல்ல.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தக் கோரிக்கையைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வெப்ப அளவீட்டுக்கும் நீண்ட நேர ஓட்டத்துக்குமான சோதனை நெறிமுறை ஒன்றை நான்கு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். குழுவின் செயலர் கேட்டால் அனுப்புகிறேன். பிழை இருந்தால் உங்கள் பொறியாளர்கள் திருத்தட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அளவீட்டுப் பொறியாளர் ஒருவர்