பெற்றோர் சங்க ஆண்டறிக்கை: ‘வேண்டாம்’ என்பதற்கு ஒத்திகை

பெற்றோர்களே, செயற்குழு நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் முறையாக நடந்தன. தீர்மானங்கள் குறிப்பேட்டில் உள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே, நண்பர்கள் வற்புறுத்தும்போது பிள்ளைகள் வளைந்துவிடாமல் இருக்க நாம் செய்த வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வழக்கமான சொற்பொழிவு வேண்டாம் என்று முடிவெடுத்தபோது சிலருக்கு வருத்தம். ஆனால் எது ஆபத்து என்பது பிள்ளைகளுக்குத் தெரியாததா என்ன? தனியாக இருக்கும்போது தெளிவாகத்தான் பேசுகிறார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் நின்றால்தான் கணக்கு மாறுகிறது. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கார் ஓட்டும் வீடியோ விளையாட்டை நண்பர்கள் முன்னால் ஆடிய 13 முதல் 16 வயதினர், தனியாக ஆடியவர்களைவிட அதிக ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை.

அதனால் ஒத்திகை வைத்தோம். ஒருவன் பென்சிலை மின்சிகரெட்டாக நீட்டி, "ஒரே ஒரு இழுப்புடா, செத்தா போயிடுவே?" என்பான். எதிரில் நிற்பவன் சமாளிக்க வேண்டும். முதலில் பலரும் சிரித்து மழுப்பினார்கள். நீளமாக விளக்கம் சொன்னவர்கள்தான் சீக்கிரம் மாட்டினார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரணியிடம் ஒரு பதில் இருந்தது. "எனக்கு வேண்டாம்டா. வா, விளையாடப் போலாம்" என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்டிய சிறுவனை மட்டும் யாராலும் மடக்க முடியவில்லை.

அப்புறம் ஒரு மாணவி, "எனக்கும் வேண்டாம்" என்று இரண்டாவதாகச் சொல்லவும் ஒருவர் வேண்டும் என்றாள். சரியான யோசனை. கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனையில், மற்றவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது, நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது ஒத்து ஊதினார்கள். சரியாகச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்ததும் அந்தத் தவறுகள் கால்பங்காகக் குறைந்தன. இப்போது ஒத்திகை எல்லாம் ஜோடியாகத்தான்.

பின்விளைவு பற்றிய அமர்வில் "பத்து வருஷம் கழித்து" என்று தொடங்கினால் கொட்டாவிதான் வந்தது. "நாளைக் காலையில் இதை யாரிடம் மறைக்க வேண்டியிருக்கும்? இந்த வீடியோ யார் கைக்கெல்லாம் போகும்?" என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் என்ன ஆகும் என்பதை அவர்களாகவே யோசிக்க ஆரம்பித்தார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை. இக்கட்டில் இருக்கும் பிள்ளை ஒரு புள்ளியை மட்டும் செய்தியாக அனுப்பினால், உடனே போன் செய்து "கிளம்பி வா" என்று அதட்ட வேண்டும். பழி நம் தலையில். பிள்ளைக்கு மானம் போகாது. அன்றிரவு விசாரணை கூடாது என்ற நிபந்தனையைச் சில அப்பாக்கள் இன்னும் ஏற்கவில்லை. விசாரணை நிச்சயம் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை புள்ளி வைக்கும் என்பதே என் கேள்வி.

மாணவிகள் தனி அமர்வு கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் சந்திப்பது, பேசாமல் ஒதுக்கிவைக்கும் வற்புறுத்தல். அதை நடத்தத் தன்னார்வலர்கள் தேவை. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். ஒத்திகைகளை வரும் ஆண்டும் தொடரப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்