ஜாதிக்காய் எவ்வளவு என்று எழுதவில்லையே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் மூலிகைக் கட்டுரை வரும் நாள் காலண்டரைப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துவிடும். கடையைத் திறந்த அரை மணி நேரத்தில் அந்தப் பக்கத்தோடு நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். முன்பெல்லாம் கத்தரித்துக் கொண்டுவருவார்கள். இப்போது கைபேசியில் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் இரண்டு வாரங்களுக்கு முன் நல்ல உறக்கம் பற்றி வந்த கட்டுரைக்குப் பிறகு, வாயை மூடிக்கொண்டு பொட்டலம் மடிக்க என்னால் முடியவில்லை.

தூக்கம் வராதவர்கள் இரவில் பாலில் ஜாதிக்காய்ப் பொடி கலந்து குடிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு என்று எழுதவில்லை. மறுநாளே ஒரு பெண்மணி வந்து நூறு கிராம் ஜாதிக்காயைப் பொடித்துத் தரச் சொன்னார்.

"வீட்டில் எத்தனை பேருக்கம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும்தான் அண்ணாச்சி. தினமும் ஒரு ஸ்பூன் போட்டுக் குடிக்கலாம் என்று நினைக்கிறேன்."

எந்த ஸ்பூன்? காபியைக் கலக்குவதா, குழம்பை அள்ளுவதா? நான் ஒரு காயை எடுத்துத் தராசில் வைத்தேன். ஐந்து கிராமை ஒட்டி நின்றது முள். அந்த ஒரு காயின் அளவை ஒரே வேளையில் விழுங்கியவர்களுக்கு நெஞ்சு படபடத்து, வாய் உலர்ந்து, குமட்டி, புத்தி குழம்பி ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழம்பு ஸ்பூனில் குவித்து அள்ளினால் அந்த அளவை எட்டிவிடலாம் என்று சொன்னதும் அவர் முகம் வெளிறிவிட்டது. "பேப்பரில் போட்டிருந்தார்களே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு உரை மருந்து கொடுத்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் ஒரு சிறு பெட்டியில் இருக்கும். (பொழுது சாய்ந்த பிறகு வசம்பை அந்தப் பெயரால் கேட்கக் கூடாது, 'பேர் சொல்லாதது' என்றுதான் கேட்க வேண்டும். இன்றும் சில ஆச்சிமார் என் கடையில் அப்படித்தான் கேட்கிறார்கள்.) அம்மா கல்லை ஈரமாக்கி, ஜாதிக்காயை இரண்டே சுற்று இழைப்பாள். மூன்றாவது சுற்றுக்குக் கை போனால் பாட்டி அதட்டுவாள். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதுதான் சரி, அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. நான் சொல்ல வருவது அந்த இரண்டு சுற்றைப் பற்றி. அந்தக் காய் இருபது வருடம் அதே பெட்டியில் கிடந்தது, பாதிகூடத் தேயவில்லை.

சித்த மருத்துவத்தில் இதற்கெல்லாம் அளவு உண்டு. மூன்று விரல் நுனியில் நிற்பது திரிகடி, ஐந்து விரலும் சேர்த்து அள்ளினால் வெருகடி. எதில் கலந்து சாப்பிடுவது என்பது அனுபானம். எத்தனை நாள், என்ன பத்தியம் என்பது தனி. பழைய வைத்தியர்களின் சீட்டுகளில் மருந்தின் பெயர் ஒரு சொல்லாக இருக்கும், மற்றவை நாலு வரி இருக்கும். தங்கள் கட்டுரையில் அந்த ஒரு சொல் மட்டும் வருகிறது.

அளவு தெரிந்தவனும் சறுக்குவான். சறுக்கியவன் நானே. நாள் முழுதும் பொடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதால் தொண்டை கமறிக்கொண்டே இருக்கும். ஒரு துண்டு அதிமதுரத்தைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வேன். கரைந்ததும் அடுத்தது. கைக்கு எட்டும் டப்பா, காசு கொடுக்க வேண்டியதில்லை. இப்படி ஒன்றரை வருடம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டும் அளவு 160-க்குக் கீழே இறங்க மறுத்தது. மாத்திரையைக் கூட்டினார்கள், இறங்கவில்லை. பிறகு படியேறினால் தொடை துவண்டது, இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. அந்த டாக்டர் பொறுமைசாலி. "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "ஒன்றுமில்லை" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அதிமதுரத்தைச் 'சாப்பிடுவதாக' எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு எட்டிப் பார்த்ததைக் கண்டு அவரே பிடித்துவிட்டார்.

அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின் என்ற பொருள், உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும்படி செய்துவிடுமாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதிமதுர மிட்டாயைத் தினமும் பை பையாகத் தின்ற ஒருவர் இதயம் நின்று இறந்ததை 2020-ல் அங்குள்ள மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. நான் நிறுத்திய சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது. பழகிய சித்த மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "கொதிப்புக்காரர்களுக்கு நாங்களும் அதைப் பார்த்துத்தான் கொடுப்போம். என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார். கேட்கவில்லைதான். அவருக்கே சரக்கு கொடுக்கும் கடைக்காரன் அவரிடம் போய் எதைக் கேட்பது என்ற மிதப்பு.

தங்கள் கட்டுரையில் இன்னும் இரண்டு இடங்கள் உறுத்தின. சர்க்கரை நோயாளிகள் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டிக்கு மாறலாம் என்கிறது ஒரு வரி. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு நானும் அடிமைதான். ஆனால் அதிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைச் சத்துதான். சர்க்கரைக்காரர் அதைக் கணக்கில் சேர்க்காமல் தின்ன முடியாது. அடுத்தது தினமும் காலையில் பட்டைத் தண்ணீர். எந்தப் பட்டை? பிரியாணிக்கு வாங்கும் தடித்த பட்டையில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம். நாள்தோறும் நிறையச் சேர்ந்தால் சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கும். தாள் போலச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. விலை பல மடங்கு கூடுதல் என்பதால் வாசகர் வாங்கிப் போவது பெரும்பாலும் முதல் வகைதான்.

மஞ்சளும் அப்படித்தான். குழம்பில் போடும் மஞ்சளால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அதன் சாரத்தைப் பிழிந்தெடுத்து, உடம்பில் அதிகம் ஏற வேண்டும் என்று மிளகுச் சாரத்தையும் சேர்த்து மாத்திரையாக்கி விற்கத் தொடங்கிய பிறகுதான் கதை மாறியது. இத்தாலியில் 2019-ல் இத்தகைய மாத்திரைகளைச் சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து அரசே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

ஜாதிக்காய் கேட்டு வந்த பெண்மணியிடம் திரும்பி வருகிறேன். கடைசிக் காபி எத்தனை மணிக்கு என்று கேட்டேன். இரவு எட்டு மணித் தொடர் பார்க்கும்போது ஒரு டம்ளர் டிகிரி காபி குடிப்பாராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின் இருப்பதாகப் போட்டிருக்கிறது. உள்ளே போனதில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதாவது இரவு ஒரு மணிக்கு அரை டம்ளர் காபி அவருக்குள் விழித்துக்கொண்டிருக்கிறது. அதை ஜாதிக்காயால் அடிக்கப் பார்க்கிறார். எட்டு மணிக் காபியை மாலை மூன்றுக்கு மாற்றுங்கள், பத்து நாள் கழித்து வாருங்கள் என்று வெறுங்கையோடு அனுப்பினேன். கல்லாவில் இருந்த என் மகன் என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் கடிதம் நீளும். பத்து நாள் கழித்து அவர் வந்தார். பெருங்காயம் வாங்கிக்கொண்டு போனார்.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஒரு மூலிகையைப் பற்றி எழுதினால் எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்ற மூன்றையும் அதே பத்தியில் போடுங்கள். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அந்த மூன்றாவதில் அவசியம் வர வேண்டும். கட்டுரையாளருக்கு அளவு தெரியாவிட்டால் ஒரு சித்த மருத்துவரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பலாம். இந்த ஊரிலேயே 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆங்கில மருத்துவரிடம் போகும்போது வீட்டில் குடிக்கும் கஷாயத்தையும் சொல்லுங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் என்னைப் போன்ற 'ஒன்றுமில்லை'க்காரர்களுக்கு உதவும்.

அடுத்த வாரம் கடுக்காய் பற்றி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். இப்போதே இரண்டு பேர் கேட்டுவிட்டுப் போனார்கள். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். உள்ளே இருக்கும் கொட்டையை நீக்கிவிட்டுத்தான் இடிக்க வேண்டும் என்ற வரி இடப் பற்றாக்குறையால் விடுபட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
பாளையங்கோட்டை.