துணையை அழைப்பவர் எங்கே இருக்கலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஊருக்குப் போய்ப் பதிவாளர் முன்னால் எழுத்தை (பதிவுத் திருமணத்தை) முடித்து, கனடா திரும்பி, துணையை அழைக்கும் ஸ்பொன்சர் கோப்பையும் அனுப்பிவிட்டவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மாதம் எடுக்கும்?" என்பதுதான். அந்த மாதங்களில் நான் எந்த நாட்டில் இருக்கலாம் என்ற கேள்வி பிறகுதான் வருகிறது. சிலருக்கு யாழ்ப்பாணத்தில் போய் இறங்கிய பிறகு. தாமதத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் நிறைய வந்துவிட்டது. தாமதமும் வதிவிட விதியும் ஒன்றோடொன்று மோதும் இடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஸ்பொன்சர் செய்பவர் பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்) ஆக இருந்தால், விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து முடிவு வரும் நாள்வரை கனடாவில் வசித்துக்கொண்டிருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு அவரால் அழைக்க முடியாது. கனடியக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தக் கட்டு இல்லை. அவர் மனைவியோடு ஊரிலேயே குடும்பம் நடத்திக்கொண்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் துணைக்கு பி.ஆர். கிடைத்ததும் தானும் கனடாவுக்கு வந்து வசிப்பார் என்பதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். வேலைக் கடிதம், வீட்டு ஏற்பாடு, பிள்ளைகளின் பள்ளிக்கூட விசாரிப்பு எல்லாம் அதற்கு உதவும். "திரும்பி வருவோம்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் எடுபடாது.

'வசிப்பது' என்றால் எத்தனை நாள் என்று இந்த விதியில் எண் இல்லை. எண் இல்லாததால் ஆட்கள் வேறு விதிகளின் எண்களைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். ஐந்து ஆண்டில் 730 நாள் என்பது பி.ஆர். நிலையைக் காப்பாற்றிக்கொள்ளும் கணக்கு. ஐந்து ஆண்டில் 1,095 நாள் என்பது குடியுரிமைக்கான கணக்கு. 12 மாதத்தில் 153 நாள் என்பது ஒன்ராறியோ சுகாதார அட்டைக்கான கணக்கு. "எனக்கு 730 நாள் தாராளமாக இருக்கிறது, ஆறு மாதம் ஊரில் நிற்கலாம்" என்று ஒருவர் சொன்னால், பி.ஆர். அட்டையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஸ்பொன்சர் கோப்பைப் பொறுத்தவரை, அந்த ஆறு மாதத்தில் அவர் கனடாவில் வசித்தாரா என்பது தனிக்கேள்வி.

அதிகாரி பார்ப்பது வாழ்க்கையின் வேர் எங்கே இருக்கிறது என்பதை. வேலையில் விடுப்பு எடுத்து, வாடகை ஒப்பந்தம் அப்படியே இருக்க, திரும்பும் ரிக்கெற்றோடு நான்கைந்து கிழமை போய் வருவது வேறு. வேலையை விட்டு, அறையை ஒப்படைத்து, சாமான்களை நண்பர் வீட்டு பேஸ்மன்றில் போட்டுவிட்டுப் போவது வேறு. போவதற்கு முன் வேலைத்தலத்தில் விடுப்புக் கடிதம் ஒன்றை, போகும் தேதியும் திரும்பும் தேதியும் போட்டு வாங்கி வையுங்கள். வாடகை, தொலைபேசி, கார் காப்புறுதி கட்டிய பற்றுச்சீட்டுகளையும் எறிய வேண்டாம். பதினொரு மாதம் கழித்து அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு வேறு எதுவும் கையில் இருக்காது.

இனிச் சிக்கலின் மறுபக்கம். ஊருக்குப் போகாமலே இருந்தாலும் வில்லங்கம். திருமணம் உண்மையானதா என்று எடைபோடும் அதிகாரி, கலியாணம் முடிந்து எத்தனை தடவை சந்தித்தீர்கள், எத்தனை நாள் சேர்ந்திருந்தீர்கள் என்று பார்க்கிறார். கூட நின்றால் "கனடாவில் வசிக்கவில்லை", நிற்காவிட்டால் "உறவு உண்மையானதா?". கோப்பு நான்கு மாதத்தில் முடிந்தால் இந்த இழுபறி யாரையும் தொடாது. அரசு நிர்ணயித்த விதிக்குள் கட்டுப்பட்டு இருக்கும் ஒருவரை அரசின் தாமதமே சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது என்பதுதான் எங்கள் முறைப்பாடு.

தாமதத்துக்குக் காரணம் அதிகாரிகளின் சோம்பல் மட்டும் அல்ல. துணைவர் கோப்புகளைப் பெரும்பாலும் 12 மாதத்துக்குள் முடிப்போம் என்று 2016 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. அதே அரசு ஆண்டுதோறும் எத்தனை பேரை உள்ளே விடுவது என்ற இலக்கையும் போடுகிறது. கணவன், மனைவி, பிள்ளைகள் பிரிவுக்கு 2024 இல் 82,000 என்றிருந்த இலக்கு 2025 இல் 70,000 ஆகக் குறைந்தது. வரும் விண்ணப்பங்கள் இலக்கைத் தாண்டினால், நல்ல கோப்பும் வரிசையில்தான் நிற்கும். கியூபெக்கில் நிலைமை இன்னும் மோசம். 2024 ஜூன் 26 முதல் 2026 ஜூன் 25 வரையான காலத்துக்குத் துணைவருக்கும் 18 வயதும் அதற்கு மேலுமான பிள்ளைகளுக்குமாக 10,400 விண்ணப்பங்கள்தான் என்று மாகாணம் வரம்பு போட்டது. அது 2025 ஜூலையிலேயே நிரம்பிவிட்டது. கட்டிய மனைவியைக் கோட்டா வைத்து எண்ணுவது சரியல்ல. இந்தப் பிரிவை இலக்கிலிருந்து விலக்க வேண்டும் என்பதை நம் எம்.பி.க்களிடம் விடாமல் கேட்க வேண்டும்.

ஆனால் எல்லாத் தாமதத்தையும் ஒட்டாவாவின் தலையில் கட்ட முடியாது. விண்ணப்பத்தில் ஒரு கையொப்பமோ ஒரு படிவமோ குறைந்தால், முழுதாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மீண்டும் அனுப்பும் நாள்தான் கணக்கு. துணைக்கு முந்திய மணத்தில் 21 வயதுப் பிள்ளை இருந்தால் இது பெரிய இழப்பு. பிள்ளை 22 ஐத் தொடுவதற்கு முன் முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். திரும்பி வந்த விண்ணப்பம் அந்தப் பிள்ளையின் வயதைக் காப்பாற்றாது.

அடுத்தது எழுத்துக்கும் தாலிகட்டுக்கும் இடைப்பட்ட காலம். நம் ஆட்கள் எழுத்தை ஒரு தையில் வைத்து, தாலிகட்டை அடுத்த ஆவணியில் வைப்பார்கள். இடையில் பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள். சட்டப்படி திருமண நாள் எழுத்து நாள்தான். உறவைப் பற்றிய விவரம் கேட்கும் ஐ.எம்.எம். 5532 படிவத்தில் சடங்கு, விருந்து, வந்தவர்கள் பற்றியெல்லாம் கேட்கிறார்கள். அங்கே ஒருவர் எழுத்து நாளையும் மற்றவர் தாலிகட்டு நாளையும் போட்டால், நேர்முகத்தில் இருவரும் இரண்டு தேதி சொல்லும் தம்பதி ஆகிவிடுகிறார்கள். இரண்டு நாளையும் எழுதி, எழுத்து முடிந்தும் சேர்ந்திருக்காதது எங்கள் வழக்கம் என்று நான்கு வரியில் விளக்கிவிட்டால் முடிந்தது. ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே இருந்து தொலைபேசியிலோ இணையத்திலோ செய்த திருமணத்தை 2015 ஜூன் 11 முதல் ஏற்பதில்லை என்பதையும் ஊரிலுள்ள பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

எழுத்து முடிந்த மறு ஆண்டு வருமான வரியில் 'தனியாள்' என்றே போடும் பழக்கம் இன்னொரு வில்லங்கம். ஸ்பொன்சர் கோப்பில் வரித் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிவித்தலையும் கேட்கிறார்கள். ஒரு கடதாசி மணமானவர் என்கிறது, மற்றக் கடதாசி தனியாள் என்கிறது. மண நிலை மாறியதை வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கும் ஆர்.சி. 65 படிவத்தை, திருமணம் நடந்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். தவறியிருந்தால் ஸ்பொன்சர் அனுப்புமுன் வரியைத் திருத்துங்கள். மனைவி வெளிநாட்டில் இருந்தாலும் மணமானவர் மணமானவர்தான்.

பத்தாண்டு வரலாறு கேட்கும் பகுதியில் ஒரு மாதம்கூட இடைவெளி விடக்கூடாது. வேலையில்லாமல் வீட்டில் இருந்த மாதங்களையும் அப்படியே எழுதலாம்; அதில் வெட்கம் ஒன்றுமில்லை. 18 வயதுக்குப் பிறகு, கடந்த பத்தாண்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். கட்டாரில் வேலை செய்தவரும் தமிழ்நாட்டு முகாமில் இருந்தவரும் இதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் கோப்பு அங்கேயே நிற்கும். எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு, லண்டன் மாணவர் விசா மறுக்கப்பட்டதை மறைத்து 'இல்லை' போடுவது எல்லாவற்றிலும் மோசமான தவறு. மறுப்பு ஒரு குறை அல்ல. அதை மறைத்தால் பொய்த் தகவல் என்று ஐந்து ஆண்டுத் தடை விழலாம்.

மெடிக்கல் (மருத்துவப் பரிசோதனை) 12 மாதத்துக்குத்தான் செல்லும். கோப்பு இழுத்தால் மறுபடி செய்யவேண்டி வரும். ஆகவே அதைச் செய்யச் சொல்லிக் குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் வருமுன் முந்திக்கொண்டு செய்யப் போய்க் காசைக் கரைக்காதீர்கள்.

துணை பார்வையாளர் விசாவில் ஏற்கெனவே இங்கே வந்துவிட்டால், கட்டாயம் உள்நாட்டுப் பிரிவில்தான் போட வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. இங்கே இருந்துகொண்டே வெளிநாட்டுப் பிரிவிலும் போடலாம். எங்கள் கணிப்பில், பெரும்பாலானோருக்கு அதுதான் நல்லது. உள்நாட்டுப் பிரிவில் இருவரும் கனடாவில் ஒரே வீட்டில் சேர்ந்திருக்க வேண்டும். துணை அம்மாவின் செத்தவீட்டுக்குப் போய், திரும்பி வர விசா கிடைக்காவிட்டால் கோப்பும் அதோடு போகும். மறுக்கப்பட்டால் 15 நாளுக்குள் சமஷ்டி நீதிமன்றத்தின் அனுமதி கேட்பதுதான் வழி. வெளிநாட்டுப் பிரிவில் மறுத்தால், ஸ்பொன்சர் செய்தவர் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய ஆதாரங்களையும் வைக்கலாம்.

தானே கணவனாலோ மனைவியாலோ அழைக்கப்பட்டு வந்தவர் இன்னொருவரை மணந்து அழைக்க வேண்டுமானால், பி.ஆர். கிடைத்து ஐந்து ஆண்டு கழிய வேண்டும். இடையில் குடியுரிமை எடுத்தாலும் அந்த ஐந்து குறையாது. இதைத் தெரியாமல் நாள் குறித்து மண்டபமும் பிடித்துவிடுகிறார்கள்.

குடியுரிமைக்கான 1,095 நாளுக்கு இன்னும் சில மாதங்கள்தான் என்றால், ஸ்பொன்சரை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஸ்பொன்சரை அனுப்பிவிட்டு, நாள் நிரம்பியதும் குடியுரிமைக்கும் போடுங்கள். அதுவரை ஊரில் நிற்கும் ஒவ்வொரு கிழமையும் அந்த எண்ணிக்கையைப் பின்தள்ளும். சத்தியப்பிரமாணம் எடுத்ததும் குடிவரவுத் திணைக்களத்துக்கு இணையப் படிவம் மூலம் அறிவித்துவிட்டால், அதன்பின் துணையோடு நீண்ட நாள் தங்குவது கோப்பை அதே மாதிரித் தாக்காது. திரும்பி வரும் ஏற்பாட்டைக் காட்டினால் போதும்.

கோப்பு அசையாமல் கிடந்தால், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டி அதிகாரியின் கணினிக் குறிப்புகளை எடுக்கலாம். எந்த இடத்தில் நிற்கிறது என்பது அதில் தெரியும். அதை வைத்துக்கொண்டு எம்.பி. அலுவலகத்துக்குப் போனால் அவர்களுக்கும் எதைக் கேட்பது என்று தெரியும்.

கடைசியாக, ஆசிரியரே, உங்களிடமே ஒரு வேண்டுகோள். 2024 ஏப்ரல் 30 முதல் துணைவர் விண்ணப்பத்துக்கு 1,205 டொலர், கைரேகைக்கு 85 டொலர் என்றிருந்தது. இந்தக் கட்டணம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறும். பழைய பத்திரிகைத் துண்டைப் பார்த்துப் பழைய தொகையைக் கட்டியும் கோப்பைச் சிக்கலில் மாட்டுகிறார்கள். இனிக் கட்டணத்தைப் பிரசுரிக்கும்போது, அது எந்தத் தேதியிலிருந்து நடைமுறை என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
படிவம் நிரப்ப உதவும் சில வாசகர்கள்,
ஸ்காபரோ